பல் கிளீனிங்குக்கு ஆன்டிபயாட்டிக் போடணுமா?

செமஸ்டர் லீவுக்கு ஆத்தூர் போயிருந்தேன். எங்க ஊர் வெற்றிலைக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கொடிக்கால் வச்சிருக்கிற எங்க மாமா பல்லைப் பார்த்தா அந்தப் பெருமை நல்லாவே தெரியும். அவ்வளவு கறை, அவ்வளவு காரை. "வாங்க மாமா, ரெண்டு பேரும் போய் கிளீன் பண்ணிட்டு வருவோம்"னு கூப்பிட்டேன்.

கிளம்பும்போது அம்மா, போன தடவை காய்ச்சலுக்கு வாங்கி மிச்சமிருந்த நாலு அமாக்சிசிலினை நீட்டினாங்க. "ஏல, பல்ல நோண்டுனா புண்ணாகும், இத போட்டுட்டுப் போ." வாங்கிப் பாக்கெட்ல வச்சுக்கிட்டேன்.

முதல்ல கிளீனிங்ல என்ன நடக்குதுன்னு பார்ப்போம். ஸ்கேலர் கருவியோட முனை நொடிக்கு 25,000 தடவைக்கு மேல அதிரும். பல கருவிகள்ல அந்த அதிர்வைக் கொடுக்கிறது நாம லேப்ல படிச்ச அதே பீசோ எலக்ட்ரிக் படிகம்தான். அந்த அதிர்வுல காரை உடைஞ்சு விழும். காரைங்கிறது கல்லா இறுகின அழுக்கு. மாத்திரை போட்டு அதைக் கரைக்க முடியாது.

ஈறுல லேசா ரத்தம் வரும்போது வாயில இருக்கிற பாக்டீரியா கொஞ்சம் ரத்தத்துல கலக்கும். உண்மைதான். ஆனா பல் தேய்க்கும்போதும், மென்னு சாப்பிடும்போதும் இதே நடக்குது. ஆரோக்கியமான உடம்பு கொஞ்ச நேரத்துலயே அதைச் சுத்தம் பண்ணிடும்.

அப்போ யாருக்குப் பிரச்சினை? இதயத்துல செயற்கை வால்வு இருந்தா, பாக்டீரியா அதுல ஒட்டி வளர்ந்து 'எண்டோகார்டைட்டிஸ்'ங்கிற தொற்றாகலாம். அபூர்வம்தான், ஆனா உயிருக்கே ஆபத்து.

அமெரிக்க இதயச் சங்கம் 1955-லயே இதுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டுச்சு. ரொம்ப காலம் பட்டியல் நீளமா இருந்தது. 2007-ல அதைச் சுருக்கி, 2021-லயும் அதையே உறுதி செஞ்சாங்க. இப்போ பட்டியல்ல இருக்கிறவங்க:

1. செயற்கை வால்வு வச்சவங்க
2. ஏற்கெனவே எண்டோகார்டைட்டிஸ் வந்தவங்க
3. பிறவி இதயக் குறைகள்ல குறிப்பிட்ட சில வகை உள்ளவங்க
4. இதய மாற்று சிகிச்சைக்கு அப்புறம் வால்வு கோளாறு உள்ளவங்க

இவங்களுக்கும் ஐந்து நாள் கோர்ஸ் கிடையாது. பெரியவங்களுக்கு வழக்கமா 2 கிராம் அமாக்சிசிலின், 30 முதல் 60 நிமிஷம் முன்னாடி, ஒரே தடவை. பெனிசிலின் அலர்ஜி இருந்தா வேற மருந்து. ஸ்டென்ட், பைபாஸ், பேஸ்மேக்கர் வச்சவங்களுக்கு அந்தக் காரணத்துக்காக மட்டும் தேவையில்லை. இங்கிலாந்தோட நைஸ் அமைப்பு 2008-ல யாருக்குமே வேண்டாம்னு சொல்லிச்சு. 2016-ல அதை 'வழக்கமாக வேண்டாம்'னு மாத்திக்கிட்டாங்க. அதனால இதய நோய் எதுவா இருந்தாலும் இதய டாக்டர் சொல்றதுதான் முடிவு.

சும்மா ஒரு மாத்திரை போட்டா என்ன ஆயிடும்னு கேட்கலாம். அலர்ஜி, வயிற்றுப்போக்கு வரலாம். அதைவிட, தேவையில்லாம போடுற ஒவ்வொரு தடவையும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா பிழைச்சுப் பெருக நாமே வழி விடுறோம். 2012-ல மருத்துவச் சங்கங்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' கொண்டு வந்தது இந்தக் கவலையிலதான். அமாக்சிசிலினை டாக்டர் சீட்டு இல்லாம விற்கக் கூடாதுங்கிறதும் சட்டம்.

சரி, நம்ம கதைக்கு வருவோம். டாக்டர் என்கிட்ட ரெண்டு கேள்வி கேட்டாங்க. "உனக்கு எதுவும் வேண்டாம், உட்காரு"ன்னாங்க. அடுத்து மாமாகிட்ட, "நெஞ்சுல ஆபரேஷன் ஏதாவது பண்ணிருக்கீங்களா?"

நாலு வருஷம் முன்னாடி மாமாவுக்கு வால்வு மாத்தினது எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனா யாருக்கும் அது ஞாபகத்துக்கே வரல. டாக்டர் உடனே இதய டாக்டருக்கு போன் போட்டாங்க. மாமா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறதால, அதை நிறுத்தாம, ஐஎன்ஆர் டெஸ்ட் எடுத்துட்டு வரச் சொன்னாங்க. ரெண்டு நாள் கழிச்சு, ஒரு மணி நேரம் முன்னாடி மாத்திரை போட்டுக்கிட்டு கிளீனிங் முடிஞ்சது.

வர்ற வழியில மாமா கேட்டார், "பல்லுக்கும் நெஞ்சுக்கும் என்னடே சம்பந்தம்?" மேல எழுதினதைத்தான் அவருக்குச் சொன்னேன்.

தேவையில்லாத என் பாக்கெட்ல நாலு மாத்திரை. தேவைப்பட்டவர்கிட்ட ஒண்ணுகூட இல்ல. அடுத்த தடவை பல் டாக்டர்கிட்ட வீட்டுப் பெரியவங்களைக் கூட்டிட்டுப் போனா, பழைய ஆபரேஷன் ஃபைலையும் கையோட எடுத்துட்டுப் போங்க.