ஐஸ்கிரீம் கேக்: வீட்ல செஞ்சா நிஜமாவே மிச்சமா? ஒரு டவுண் வீட்டு கணக்கு

என் மருமவளுக்கு பிறந்தநாள் 27ஆம் தேதி. சம்பளம் 1ஆம் தேதி. மாசக் கடைசியில நம்ம அக்கவுண்ட் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

"மாமா, அடுக்கு அடுக்கா இருக்குமே, அந்த ஐஸ்கிரீம் கேக்தான் வேணும்"னு சொல்லிட்டா. "அல்வாவுக்குப் பேர்போன ஊர்ல இருந்துக்கிட்டு ஐஸ் கேக்கு எதுக்குல?"னு எங்கம்மா கேட்டாங்க. கடையில 1 கிலோ 1,100 ரூபாய். கிரெடிட் கார்டை எடுக்கலாம்னு கை போச்சு. அடுத்த மாசம் முழு பில்லையும் கட்டிட்டா பிரச்சனை இல்ல. மினிமம் டியூ மட்டும் கட்டினா, பல கார்டுகள்ல மாசம் 3 சதவீதத்துக்கு மேல வட்டி, அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி வேற. அதனால வீட்லயே செஞ்சோம்.

செலவு எவ்வளவு?

(டவுண்ல நான் வாங்கின விலை. உங்க ஊர்ல கொஞ்சம் மாறும்.)

- வெனிலா 500 மி.லி. – ரூ.130
- பட்டர்ஸ்காட்ச் 500 மி.லி. – ரூ.150
- பிஸ்கட் 120 கிராம் – ரூ.30
- வெண்ணெய் 60 கிராம் – ரூ.40
- மேல ஊத்த சாக்லேட் 50 கிராம், கிரீம் 50 மி.லி. – ரூ.50

மொத்தம் 400. "அப்போ 700 ரூபாய் மிச்சம்!"னு நினைக்கிறீங்களா? அங்கதான் தப்பு பண்றோம்.

ஒண்ணு, 18 செ.மீ. டின் 350 ரூபாய். அதையும் சேர்த்தா 750.

ரெண்டு, கேக்கை கிலோவுல விக்கிறாங்க, ஐஸ்கிரீமை லிட்டர்ல விக்கிறாங்க. ஐஸ்கிரீம்ல காத்து கலந்திருக்கும். 1 லிட்டர் குறைஞ்சது 525 கிராம் இருக்கணும்னுதான் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட விதி. அந்தக் கணக்குல நம்ம கேக் சுமார் 800 கிராம். கடை விலையில 800 கிராமுக்கு 880 ரூபாய். அதனால முதல் வருஷ மிச்சம் வெறும் 130 ரூபாய்தான்! அதே டின்னை அடுத்த வருஷமும் எடுத்தா 480.

வாங்கும்போது டப்பாவையும் படிங்க. 'ஐஸ்கிரீம்'னு போட்டா பால் கொழுப்பு. 'ஃப்ரோசன் டெசர்ட்'னு போட்டா தாவர எண்ணெய்க் கொழுப்பு கலந்தது. விலையை ஒப்பிடும்போது ஒரே வகையோட ஒப்பிடுங்க.

செய்முறை

1. டின்ல பட்டர் பேப்பர் போட்டு, பொடிச்ச பிஸ்கட்டை உருக்கின வெண்ணெயில கலந்து அழுத்துங்க. ஃப்ரீசர்ல அரை மணி நேரம்.
2. வெனிலாவை ஃப்ரிட்ஜோட கீழ்த்தட்டுல 15 நிமிஷம் வைங்க. இளகினா போதும், உருகக் கூடாது. உருகினா காத்து போயிடும், திரும்ப உறையும்போது ஐஸ் கட்டியா நறநறக்கும். இந்த டின்ல 500 மி.லி. பரப்பினா கிட்டத்தட்ட 2 செ.மீ. அடுக்கு வரும்.
3. கல்லு மாதிரி ஆகுற வரைக்கும், குறைஞ்சது 3 மணி நேரம் விட்டுட்டு பட்டர்ஸ்காட்ச் அடுக்கு. அப்புறம் ராத்திரி முழுக்க ஃப்ரீசர்ல.
4. சாக்லேட்டைச் சூடான கிரீம்ல கரைச்சு, நல்லா ஆறின பிறகு மேல ஊத்துங்க.
5. வெந்நீர்ல நனைச்ச துணியை டின்னைச் சுத்தி சில விநாடி பிடிச்சா கேக் கழண்டு வரும். கத்தியையும் வெந்நீர்ல முக்கித் துடைச்சுட்டு வெட்டுங்க.

வாங்குறதுக்கு முன்னாடி

போன வருஷம் இதே முயற்சியில எங்க கேக் ஒரு பக்கமா சாஞ்சு போச்சு. காரணம், எங்க பழைய சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ். ஐஸ்கிரீமுக்கு மைனஸ் 18 டிகிரி வேணும், பல சின்ன ஃப்ரீசர்ல அது வராது. முதல்ல ஒரு சின்ன கப் ஐஸ்கிரீமை ராத்திரி வச்சுப் பாருங்க. காலையில விரல் அமுங்கினா இந்த கேக் வேண்டாம். இதுக்காக இஎம்ஐல புது ஃப்ரிட்ஜ் வாங்கிடாதீங்க! இந்தத் தடவை நான் அக்கா வீட்டு டபுள் டோர் ஃப்ரீசர்ல வச்சேன். மாதாந்திர பராமரிப்பு மின்தடை என்னைக்குன்னும் பேப்பர்ல பாத்துக்கோங்க.

நிஜமான மிச்சம் எது?

பிறந்தநாள் திடீர்னு வர்ற செலவு இல்லை. ஒரு வருஷம் முன்னாடியே தேதி தெரியும். மாசம் 100 ரூபாய் தனியா போட்டா வருஷத்துக்கு 1,200. அப்புறம் கடையில வாங்கினாலும் கடன் இல்லை. வீட்ல செய்யுறது உங்க ஆசைக்காக இருக்கட்டும், வேற வழியில்லாம இருக்க வேண்டாம்.

மருமவ வெட்டினப்போ மூணு அடுக்கும் நேரா நின்னுச்சு. "அல்வா அளவுக்கு இல்ல"னு சொல்லிக்கிட்டே எங்கம்மா ரெண்டாவது துண்டு கேட்டாங்க.

உங்க வீட்ல அடுத்த பிறந்தநாள் எப்போ? அந்தத் தேதியை எழுதி, மீதி இருக்குற மாசத்தால செலவை வகுத்துப் பாருங்க. வீடியோல சந்திப்போம்!