பிணவறை வாசலில் கையெழுத்து கேட்கிறார்கள்! போட்டுடாதீங்க!

காலை 8 மணி. நகரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பிணவறை வாசல். லாரி மோதிச் செத்துப்போன புருஷனின் உடலுக்காக ஒரு பெண் காத்திருந்தார். இடுப்பில் ஒரு குழந்தை. சேலையைப் பிடித்தபடி இன்னொன்று.

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மெல்லப் பக்கத்தில் வந்தார்.

"ஓனர் நல்ல மனுஷன்மா. கையிலே 50 ஆயிரம் தர்றாரு. கோர்ட்டு, கேஸுன்னு போனா வருஷக்கணக்கா இழுத்தடிப்பாங்க. இதுல ஒரு கையெழுத்து போடும்மா."

நீட்டியது வெற்றுத்தாள்! அழுதுகொண்டே பேனாவை வாங்கிவிட்டார் அந்தப் பெண்.

"அக்கா, போடாதே!" என்று ஓடிவந்து பிடுங்கினார் அவருடைய தம்பி. வெள்ளைச் சட்டை மாயமாய் மறைந்தது!

அந்தத் தம்பி காப்பாற்றியது எவ்வளவு? கணக்குப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

28 லட்சம்!

செத்தவருக்கு வயது 36. மூட்டை தூக்கும் வேலை. மாதம் 15 ஆயிரம் வருமானம். அவரை நம்பி அம்மா, மனைவி, 2 பிள்ளைகள்.

சுப்ரீம் கோர்ட்டு 2009-லும் 2017-லும் தந்த தீர்ப்புகளின்படி கணக்கு இதுதான்:

40 வயதுக்குள் என்பதால், வருங்கால உயர்வுக்காக வருமானத்தோடு 40 சதவீதம் சேர்க்க வேண்டும். ஆக மாதம் 21 ஆயிரம். அவருடைய சொந்தச் செலவு என்று கால் பங்கைக் கழித்தால் 15,750. வருஷத்துக்கு 1 லட்சத்து 89 ஆயிரம். 36 வயதுக்கு இதை 15-ஆல் பெருக்க வேண்டும்.

வருவது 28 லட்சத்து 35 ஆயிரம் ரூபாய்! ஈமச்சடங்குச் செலவு, கணவனை இழந்ததற்கான தொகை எல்லாம் தனி.

வருமானத்துக்கு ஆதாரம் வேண்டும். செத்தவர் மீதும் தப்பு இருந்தால் தொகை குறையும். ஆனாலும் 50 ஆயிரம் எங்கே, இது எங்கே?

ஓனர் ஏன் ஓடி வருகிறார்?

இன்சூரன்ஸ் இருந்தால் பணம் கட்டப்போவது கம்பெனி. அப்புறம் ஓனருக்கு ஏன் அவசரம்? இன்சூரன்ஸ் காலாவதியாகி இருக்கலாம். டிரைவருக்கு லைசென்ஸ் இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் கடைசியில் பாரம் ஓனர் தலையில்தான்!

"டிரைவர் மேலதான் போலீஸ் கேஸ் இருக்கே, அது போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. அது டிரைவரைத் தண்டிக்க. நஷ்ட ஈடு வழக்கு வேறு. டிரைவர் விடுதலையானாலும் நஷ்ட ஈடு கிடைக்க வழி உண்டு.

சம்பளம் வாங்காத குடும்பத் தலைவி இறந்தாலும் கேட்கலாம். வீட்டு வேலைக்கும் மதிப்புப் போட வேண்டும் என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

யார் மீது தப்பு என்று நிரூபிக்காமலே 5 லட்சம் கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் ஜாக்கிரதை! அதை வாங்கிக்கொண்டால் பெரிய தொகை கேட்கும் மனு போய்விடும். எது லாபம் என்று வக்கீலைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இடித்த வண்டி நிற்காமல் ஓடிவிட்டதா? நம்பர் தெரியவில்லையா? அதற்கும் 2 லட்சம் உண்டு. 2022 ஏப்ரல் முதல் தேதியில் இருந்து அமலில் இருக்கிறது. கோட்டாட்சியர் அல்லது தாசில்தாரிடம் மனு கொடுக்க வேண்டும்.

எங்கே போவது?

சென்னையில் இந்த வழக்குகளை விசாரிப்பது சிறு வழக்குகள் நீதிமன்றம். விபத்து எங்கே நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். எப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வயதுக்கும் சம்பளத்துக்கும் ஆதாரம் கையில் இருக்கட்டும்.

நாளைக் கடத்தாதீர்கள். 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தி இருக்கிறார்கள்.

வக்கீலுக்குக் காசு இல்லையா? 15100-க்குப் போன் போடுங்கள். சட்டப்பணி ஆணைக்குழு பேசும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாகவே வக்கீல் வைத்துத் தருவார்கள்.

சின்னப் பிள்ளைகளின் பங்கை பாங்கியில் டெபாசிட் போடச் சொல்வது கோர்ட்டின் வழக்கம். எந்தப் புரோக்கரும் அதில் கை வைக்க முடியாது.

இது ஓனர் போடும் பிச்சை அல்ல. செத்தவர் உயிரோடு இருந்தால் குடும்பத்துக்குக் கொண்டுவந்திருக்கும் காசு!