தொட்டிக் கடலில் உப்பை அளத்தல்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பழமொழி. உப்பு மிகுந்தால் என்ன ஆகும் என்பதைத் தில்லியில் நம் வீட்டுக் கண்ணாடித் தொட்டி கற்பித்தது. கடற்கரையை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் தமிழர்களுள், பிள்ளைகளுக்குக் கடல் மீன்களைக் காட்டும் ஆவலால் இத்தகைய தொட்டி வைத்திருப்போர் உண்டு. அவர்களுக்கு நம் அனுபவம் பயன்படக்கூடும்.

மே மாதத்து வெப்பக் காற்றில் தொட்டியின் நீர்மட்டம் நாள்தோறும் தாழ்ந்தது. கடல் மீனுக்குக் கடல் நீர்தானே வேண்டும் என்றெண்ணி, உப்புக் கரைத்த நீரையே ஊற்றி ஈடுசெய்தோம். நீர் பளிங்குபோல் தெளிந்தே இருந்தது. ஆயினும் மாத இறுதிக்குள் கோமாளி மீன்கள் இரண்டும் மாண்டன.

தவறு நம்முடையதே. தூத்துக்குடி உப்பளத்தைக் கண்டவர் அறிவர்: வெயிலில் நீர்தான் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். ஒரு கிலோ கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. 50 லிட்டர் தொட்டியில் 5 லிட்டர் ஆவியானால் அது 39 கிராம் அளவுக்கு ஏறும். அதன்மேல் உப்பு நீரையே ஊற்றினால் கேட்க வேண்டுமோ? உப்பு மிகுந்த நீர், மீனின் உடலிலுள்ள நீரை வெளியே இழுத்து அதனை வாட்டிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத இவ்வுப்பை மின்சாரம் காட்டிக்கொடுக்கும். நீரில் கரைந்த உப்பு, மின்னேற்றம் கொண்ட அயனிகளாகப் பிரிகிறது. அவையே மின்சாரத்தைச் சுமப்பவை. ஆகவே உப்பு மிகுந்தால் நீரின் மின்தடை குறையும்.

கருவி எளியது. இரண்டு பென்சில் கரிக்குச்சிகளை ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் பிளாஸ்டிக் மூடியில் பொருத்துங்கள். அர்டுயீனோ என்னும் சிறு மின்னணுப் பலகையின் ஒரு முனையை 220 ஓம் மின்தடை வழியாக ஒரு குச்சியுடனும், மற்றொரு முனையை நேரே மறு குச்சியுடனும் இணையுங்கள். மின்தடையும் குச்சியும் சேருமிடத்து மின்னழுத்தத்தைப் பலகை அளக்கட்டும். உப்பு ஏற ஏற அவ்வெண் தாழும்.

மின்னோட்டம் ஒரே திசையில் செல்லலாகாது. சென்றால் குச்சிகளில் குமிழிகள் எழும்; குளோரின் வாயு பிறக்கும்; அளவும் பிழைபடும். எனவே இரு முனைகளையும் விநாடிக்குப் பன்னூறு முறை மாற்றி மாற்றி இயக்கி, முதல் முனை உயர்ந்திருக்கும் தருணத்தில் மட்டும் அளக்க வேண்டும். தொட்டிக்குள் கருவியை இடாமல், ஒரு தம்ளர் நீரை எடுத்து அளந்து கொட்டிவிடுவதே நன்று.

எண்ணுக்குப் பொருள் வேண்டுமன்றோ? 35 கிராம் உப்பை 965 கிராம் வாலை வடிநீரில் கரைத்து ஒரு புட்டியிலும், 40 கிராமை 960 கிராமில் கரைத்து மற்றொன்றிலும் இறுக மூடி வையுங்கள். குச்சிகளை ஒவ்வொரு முறையும் ஒரே ஆழத்தில் அமிழ்த்தி, இரண்டையும் அளந்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் மின்கடத்தல் ஏறத்தாழ நூற்றுக்கு 2 பங்கு கூடும். ஆதலால் புட்டிகளையும் தொட்டி நீரையும் ஒரு மணி நேரம் அருகருகே வைத்த பின்னரே ஒப்பிடுக.

உப்பு ஏறியிருந்தால், குளோரின் நீக்கிய நல்ல நீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்கவேண்டும். இப்பொழுது நம் தொட்டியின் கண்ணாடியில் நீர்மட்டக் கோடு ஒன்று வரைந்திருக்கிறோம். அருகில் ஒரு குடம் நல்ல நீர் நிற்கிறது. ஞாயிறுதோறும் அளப்பது நம் மகளின் பொறுப்பு.