சுண்டல் என் இலாகா

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் பாரிவாக்கம் பக்கம் கோழிக்கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருப்பார். நாலு கடை தள்ளி இருக்கும் பூக்கார அம்மாவுக்கோ நிமிர்ந்து பார்க்கக்கூட நேரம் இருக்காது. அன்று தொடங்கி தீபாவளி வரைக்கும் எங்கள் வீட்டு வாசல் மணி ஓயாது. சனிக்கிழமை தளிகை, கொலு, ஆயுத பூஜை, தீபாவளி என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும். 2025-இல் புரட்டாசி முதல் தேதி செப்டம்பர் 17. ஆயுத பூஜை அக்டோபர் 1. தீபாவளி அக்டோபர் 20. ஐந்து வாரத்துக்குள் ஒரு வருடத்து விருந்தாளிகள் பாதிப்பேர் வந்து போய்விட்டார்கள்.

என் மனைவி தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ், ஷிப்ட் வேலை. எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் உத்தியோகம். அயனம்பாக்கம், திருவேற்காடு வழியாக வண்டியை உருட்டிக்கொண்டு வீடு வந்து சேர ஆறரை ஆகிவிடும். ஏழு மணிக்கு முதல் விருந்தாளி கொலு பார்க்க வந்துவிடுவார். ஆகவே வேலையைப் பிரித்துக்கொண்டோம். படி கட்டுவது, பொம்மை அடுக்குவது, கோலம், பாட்டு எல்லாம் அவள் பொறுப்பு. சுண்டல் என் இலாகா.

“ஆம்பள ஆளு சுண்டல் தாளிக்கிறத இந்த வீட்லதான் பாக்குறேன்” என்று எதிர்வீட்டுப் பாட்டி முதலில் சிரித்தார். இப்போது, “தம்பி, இன்னைக்கு என்ன சுண்டல்?” என்று காலையிலேயே விசாரித்துவிடுகிறார்.

ஊறுவது பருப்பு, நாம் இல்லை

இந்த இலாகாவை ஏற்ற பிறகு எனக்குப் புரிந்த விஷயம் ஒன்று உண்டு. ஒரு பண்டம் தயாராக ஆகும் நேரம் வேறு, அதற்காக நாம் அடுப்படியில் நிற்க வேண்டிய நேரம் வேறு. கொண்டைக்கடலைச் சுண்டலுக்கு முழுசாகப் பத்து மணி நேரம் வேண்டும். அதில் நம் கை படுவது அரை மணிக்கும் குறைவு. மிச்ச நேரத்தில் கடலை தன் பாட்டுக்கு ஊறுகிறது, நாம் தூங்குகிறோம். பஜ்ஜியோ பூரியோ அப்படி இல்லை. மொத்தம் அரை மணிதான் என்றாலும் அந்த அரை மணியும் எண்ணெய்ச் சட்டியை விட்டு நகர முடியாது. வந்தவர் கூடத்தில் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருப்பார், வீட்டுக்காரர் வேர்வையோடு கரண்டி பிடித்துக்கொண்டிருப்பார். வேலைக்குப் போகிறவர்கள் விருந்துக்குப் பண்டம் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டிய கணக்கு இதுதான்.

என் ஏற்பாடு இப்படி. ராத்திரி சாப்பாட்டுப் பாத்திரம் ஒதுக்கும்போது கடலையைக் கழுவி ஊறப்போடுவேன். காலையில் ஒரு அடுப்பில் இட்லி வேகும்போது மறு அடுப்பில் குக்கர். வெந்ததை வடித்து, அகலமான தட்டில் பரப்பி, சூடு ஆறியதும் மூடிபோட்ட டப்பாவில் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டு கம்பெனிக்குக் கிளம்பிவிடுவேன். சாயங்காலம் மிச்சமிருப்பது தாளிப்பு மட்டும்தான்.

புரட்டாசி வெயிலைக் குறைத்து எடை போடக் கூடாது. ராத்திரி ஊறப்போட்டதை மறுநாள் சாயங்காலம் வரை அப்படியே வெளியில் விட்டால் தண்ணீரில் நுரை கட்டும், புளித்த வாடை வரும். காலையில் வேகவைக்க முடியாது என்றால், தண்ணீரை வடித்து ஊறிய கடலையை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு சாயங்காலம் குக்கரில் போடலாம்.

போர் தண்ணீரும் வேகாத கடலையும்

புறநகர்வாசிகளுக்கு இன்னொரு தலைவலி உண்டு. எங்கள் பகுதியில் பல வீடுகளுக்கு போர் தண்ணீர்தான். பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாக உப்பு படியும். அதில் ஊறவைத்த கடலை எத்தனை விசில் விட்டாலும் உள்ளே மாவாகும், தோல் மட்டும் ரப்பர் மாதிரி நிற்கும். கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்புத் தோலில் இருக்கும் பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுவதுதான் காரணம். ஆகவே ஊறவைக்கவும் வேகவைக்கவும் கேன் தண்ணீர் எடுத்துக்கொள்கிறேன். கால் கிலோ கடலைக்கு ஒன்றரை லிட்டருக்குள்தான் செலவாகும்.

உப்பு விஷயத்தில் வீட்டுப் பெரியவர்களோடு எனக்குச் சின்ன வழக்கு உண்டு. உப்பு போட்டால் பருப்பு வேகாது என்பார்கள். ஊறவைக்கும் தண்ணீரிலேயே ஒரு ஸ்பூன் கல்லுப்பு கரைத்துப் பார்த்தால் நடப்பது வேறு. உப்பில் உள்ள சோடியம் தோலிலிருக்கும் கால்சியத்தை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது, தோல் இளகுகிறது. கடலைக்குள்ளும் உப்பு சாரும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் நாலைந்து விசில் விட்டால் போதும். சமையல் சோடா போட்டாலும் வேகும்தான். ஆனால் கொஞ்சம் கூடினாலும் கடலை குழைந்து சோப்பு வாடை அடிக்கும், பி1 வைட்டமினும் வீணாகும். இத்தனை செய்தும் வேகவில்லையா? கடலை பழசு. வருடக்கணக்கில் டப்பாவில் கிடந்த பயறு லேசில் இளகாது. வியாபாரம் நடக்கிற மளிகைக் கடையில் புதுச் சரக்காகப் பார்த்து வாங்குங்கள்.

எந்த நாளுக்கு எந்தச் சுண்டல்

வேலை நெருக்கும் நாளுக்கு ஊறல் குறைவான பயறை ஒதுக்கினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கொண்டைக்கடலை, மொச்சை, காய்ந்த பட்டாணி மூன்றும் ராத்திரி முழுக்க ஊற வேண்டியவை. ஞாயிறு, திங்களுக்கு இவை சரி. காராமணிக்கு நாலைந்து மணி நேரம் போதும், குக்கரில் இரண்டு விசிலுக்கு மேல் போனால் குழைந்துவிடும். பச்சைப்பயறை லேசாக வறுத்து, திறந்த பாத்திரத்தில் வேகவைத்தால் முழுசு முழுசாக நிற்கும். கடலைப்பருப்புக்கு ஒரு மணி நேர ஊறல். இதையும் திறந்த பாத்திரத்தில்தான் வைக்க வேண்டும். ஒரு பருப்பை எடுத்து விரலால் அழுத்தினால் உடைய வேண்டும், மசியக் கூடாது. அந்தப் பதத்தில் வடித்துவிடுங்கள். வேர்க்கடலைக்கு வெந்நீரில் அரை மணி ஊறினால் போதும். மனைவிக்கு நைட் ஷிப்ட், எனக்கு ஸ்டாக் கணக்கு எடுக்கும் நாள் என்று இரண்டும் சேர்ந்து வந்தால் எங்கள் வீட்டில் வேர்க்கடலைதான். வெள்ளிக்கிழமை மட்டும் வெல்லப் புட்டு. அது அம்மாவின் இலாகா, நான் தலையிடுவதில்லை.

ஊறவைக்கவே மறந்துவிட்டீர்களா? கொதிக்கிற தண்ணீரோடு கடலையை ஹாட்பாக்ஸில் போட்டு மூடி இரண்டு மணி நேரம் விடுங்கள். பிறகு வழக்கத்தைவிடக் கூடுதலாக விசில் விடுங்கள். ராத்திரி ஊறலின் பக்குவம் முழுசாக வராவிட்டாலும் மானம் காப்பாற்றப்படும்.

அளவு: கால் கிலோ காய்ந்த கடலை வெந்தால் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். சின்னத் தொன்னையில் கொடுத்தால் பத்துப் பேருக்குச் சரியாக இருக்கும்.

பத்து நிமிடத் தாளிப்பு

கொலு தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே சுண்டல் பொடி அரைத்துவிடுவேன். தனியா இரண்டு பங்கு, கடலைப்பருப்பு ஒரு பங்கு, காரத்துக்கு ஏற்ப வரமிளகாய், ஒரு துண்டு கட்டிப் பெருங்காயம். வெறும் வாணலியில் தனித்தனியே வறுத்து, ஆறவைத்து, கொரகொரப்பாக அரைத்தால் நவராத்திரி முழுக்க வரும்.

சாயங்காலம் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு முகம் கழுவி வந்ததும் வாணலி. எண்ணெய் காய்ந்து கடுகு படபடவென்று வெடித்து அடங்கும்போது உளுத்தம்பருப்பு, அது பொன்னிறம் திரும்பியதும் கறிவேப்பிலை, கிள்ளிய மிளகாய். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கடலையைக் கொட்டி, ஒரு கை தண்ணீர் தெளித்து மூடினால் இரண்டே நிமிடத்தில் ஆவி கட்டிச் சூடேறும். பொடியைத் தூவிப் புரட்டி இறக்க வேண்டியதுதான்.

தேங்காயை மட்டும் மொத்தமாகக் கலக்காதீர்கள். சுண்டலில் முதலில் ஊசிப்போவது அதுதான். துருவியதைத் தனிக் கிண்ணத்தில் ஃப்ரிட்ஜில் வைத்து, கொடுக்கிற அளவுக்கு மட்டும் அவ்வப்போது கலந்தால், எட்டரை மணிக்கு வருகிறவருக்கும் ஏழு மணிச் சுண்டல்தான் கிடைக்கும். கலந்த சுண்டலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம். சூடாக அடைத்து மூடினாலும் வேர்த்து வாடை வந்துவிடும். பாலிதீன் கவருக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை. பாக்குமட்டைத் தொன்னை சுண்டலுக்கும் நல்லது, ஆவி வெளியேற வழி இருக்கும்.

சனிக்கிழமைச் சாப்பாடு

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வரக் காரணம் ஊரின் அமைப்பு. ஒரு பக்கம் திருமழிசை, ஆழ்வார் பிறந்த தலம், ஜெகந்நாதப் பெருமாள் கோயில். இன்னொரு பக்கம் பூந்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயில். காஞ்சி வரதருக்கு விசிறி வீசிய திருக்கச்சி நம்பியின் ஊர். இரண்டையும் சேவித்துவிட்டு வருகிற சொந்தக்காரர்கள், “அப்படியே உங்க வீட்டுக்கும் எட்டிப் பாத்துட்டுப் போறோம்” என்பார்கள். எட்டிப் பார்ப்பது என்றால் சாப்பாடு என்று அர்த்தம்.

இதற்கும் கலந்த சாதம்தான் கைகொடுக்கும். புளிக்காய்ச்சலை வியாழன் ராத்திரியே செய்துவிடலாம். புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்து அதைக் கெடாமல் பார்த்துக்கொள்ளும், ருசியும் கூடும். சாதத்தை நன்றாக ஆறவைத்து, நல்லெண்ணெய் ஊற்றிப் பிறகு கலந்தால் பருக்கை உடையாது. தயிர் சாதத்தைக் காலையில் பாலும் கொஞ்சம் தயிருமாகப் பிசைந்து வைத்தால் மதியத்துக்குள் பதமாகத் தோய்ந்திருக்கும், புளிக்காது. சுடச்சுடச் செய்ய வேண்டியது வடை ஒன்றுதான். அதை மட்டும் செய்யுங்கள், மற்றதெல்லாம் மேஜைக்கு வந்துவிட்ட பிறகு.

மழையைக் கணக்கில் வையுங்கள்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. தீபாவளிப் பலகாரம் இந்த ஈரக்காற்றில்தான் நமுத்துப்போகிறது. முறுக்கைச் சூடு முழுசாக ஆறிய பிறகே டின்னில் போட்டு அழுத்தி மூட வேண்டும். கொலுவுக்கு வருகிறேன் என்றவர் மழையால் வராமல் போவதும் உண்டு. வேகவைக்காத ஊறிய கடலை ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். சோம்பு, மிளகாய் சேர்த்துக் கரகரப்பாக அரைத்தால் மசால் வடை. மிஞ்சிய சுண்டலுக்குப் புளிக்குழம்பு காத்திருக்கிறது.

ஒரே பண்டம் போதும்

எங்கள் தெருவில் புது அடுக்ககங்கள் வந்த பிறகு சில வீடுகளில் கொலுவுக்கு பஃபே வைக்கிறார்கள். சமோசா, பனீர், ஐஸ்கிரீம் எல்லாம் உண்டு. அவர்கள் வசதி, அவர்கள் விருப்பம். ஆனால் சுண்டலுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. மாடி வீட்டிலும் சுண்டல், ஓட்டு வீட்டிலும் சுண்டல். வருகிறவருக்கு என்ன கிடைக்கும் என்று தெரியும், எவ்வளவு நேரம் உட்காரலாம் என்றும் தெரியும். கொடுக்கிறவருக்குப் போட்டி இல்லை. ஒரு வீட்டில் ஐந்து பண்டம் வைத்தால், மறு வருடம் பக்கத்து வீட்டில் கொலுவே வைக்காமல் விட்டுவிடுவார்கள். “நம்மால முடியாதுப்பா” என்று.

போன வருடம் என் மனைவியோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, கொலு வைக்க ஆசை, நேரம்தான் இல்லை என்று இழுத்தாள். என் மனைவி சொன்ன பதில் இது: “மூணு படி போதும். ராத்திரி கால் கிலோ கடலை ஊறப்போடு. வெத்தல பாக்கு நான் கொண்டு வரேன்.” அவர்கள் வீட்டுக்கு நாங்கள் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. கடலை கொஞ்சம் அதிகமாக வெந்திருந்தது. நான் இரண்டாவது தொன்னையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.