வாக்கு வீதமும் ஆசனத் தொகையும்

1977ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் ஏறத்தாழ 51 வீத வாக்குகளைப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சி, 168 ஆசனங்களுள் 140ஐக் கைப்பற்றி, மறு ஆண்டே புதிய அரசியலமைப்பை இயற்றியது. ஏறத்தாழ 30 வீத வாக்குகள் பெற்ற ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சிக்கு 8 ஆசனங்களே கிடைத்தன. 7 வீதத்திலுங் குறைவாகப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணிக்கோ, ஆதரவு வடக்குக் கிழக்கிலே செறிந்திருந்தமையால், 18 கிடைத்தன. தொகுதிவாரிப் பெரும்பான்மை முறை வாக்குகளின் தொகையைவிட அவை பரந்துள்ள விதத்தையே பெரிதும் மதிக்கிறது எனலாம்.

அவ்வரசியலமைப்புப் புகுத்திய விகிதாசார முறையின்கீழ், 1989இல் அதே கட்சிக்கு ஏறத்தாழ அதே வீத வாக்குகளுக்கு 225இல் 125 ஆசனங்களே கிட்டின, மூன்றிலிரண்டு எட்டாதாயிற்று. இதனை நீதியெனவே நாம் கொள்கிறோம். ஆயினும், தம் தொகுதிக்குரிய உறுப்பினர் இவரென வாக்காளர் சுட்டுதல் அரிதாயிற்று. விருப்பு வாக்கோ ஒரே கட்சி வேட்பாளரை மாவட்டமெங்கும் தம்முள்ளேயே மோதவிடுகிறது.