ஈர்ப்பலை வானியற்பியலும் இயந்திரக் கற்றலும்: முனைவர் பட்டத்திற்குப் பிந்தைய ஆய்வு வாய்ப்புகள்

முன்னுரை

பெருநிறை கொண்ட விண்பொருள்கள் ஒன்றையொன்று சுற்றி இணையும்பொழுது காலவெளியில் எழும் அதிர்வே ஈர்ப்பலை எனப்படும். 1916ஆம் ஆண்டு ஐன்ஸ்டைன் கோட்பாட்டளவில் கூறிய இவ்வலை, 2015ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் அமெரிக்காவிலுள்ள லைகோ உணர்கருவிகளில் முதன்முதலாகப் பதிவாயிற்று. அதன்பின் விரைந்து வளர்ந்துவரும் இத்துறையில், முனைவர் பட்டம் பெற்ற இளம் ஆய்வாளர்களுக்கு எத்தகைய பணி காத்திருக்கிறது, அதற்கு எத்தகைய பயிற்சி வேண்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மாணவர்க்கு உயர்கல்வி வழிகாட்டும் ஆசிரியர்க்கு இச்செய்திகள் பயன்படும் என நம்புகிறோம்.

இரைச்சலும் குறிகையும்

லைகோ கருவியின் ஒவ்வொரு கையும் 4 கிலோமீட்டர் நீளமுடையது. முதல் ஈர்ப்பலை அந்நீளத்தில் ஏற்படுத்திய மாற்றம், ஒரு புரோட்டானின் விட்டத்தில் ஏறத்தாழ நானூற்றில் ஒரு பங்கு மட்டுமே. நில அதிர்வும் கடலலையும் கருவியின் வெப்பமும் இதனினும் மிகுந்த இரைச்சலை உண்டாக்கவல்லன. ஆகவே, இரைச்சலுக்குள் புதைந்த குறிகையை, அதாவது சமிக்ஞையை, பிரித்தறிவதே இத்துறையின் அடிப்படைச் சிக்கலாகும்.

இதற்கு நெடுநாளாகக் கையாளப்படும் முறை, கோட்பாட்டின்வழி முன்னரே கணித்த அலைவடிவங்களைத் தரவோடு ஒன்றன்பின் ஒன்றாக ஒப்பிடுவதாகும். இரைச்சல் சீராக இருப்பின் இம்முறை நன்கு பயன்தரும். ஆயின், கருவிகளில் திடீரெனத் தோன்றி மறையும் குறுகிய இரைச்சல்கள் இதற்கு இடையூறாகின்றன. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் நிகழ்ந்ததை இதற்குச் சான்றாகக் கூறலாம். 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்தன. ஹான்ஃபோர்டு கருவியின் தரவில் அக்குறிகையைக் கணினி தானே கண்டறிந்தது. லிவிங்ஸ்டன் தரவிலோ, இணைவதற்கு ஒரு நொடிக்குச் சற்று முன்னர் குறுக்கிட்ட இரைச்சலால் அதனைக் கண்டறிய இயலவில்லை. ஆய்வாளர்கள் தரவை நேரில் நோக்கி, இரைச்சலை நீக்கி, வானில் அது தோன்றிய பகுதியை வரையறுத்தனர். இணைந்து ஏறத்தாழ 11 மணி நேரத்திற்குப் பின்னரே ஒளியியல் தொலைநோக்கிகள் அவ்விடத்தைக் கண்டன. விரைவாக மங்கும் ஒளியை ஆராய்வதற்கு இத்தகைய ஒவ்வொரு மணியும் அரியதாகும்.

இயந்திரக் கற்றலின் பங்கு

இக்காலத் தாழ்வைக் குறைக்கவே இயந்திரக் கற்றல் நாடப்படுகிறது. பல்லாயிரம் மாதிரிக் குறிகைகளையும் இரைச்சல்களையும் காட்டிச் செயற்கை நரம்பணு வலையைப் பயிற்றுவிக்கின்றனர். பயிற்சிக்கு நெடுநேரம் ஆயினும், பயின்றபின் புதிய தரவை அது நொடிகளில் ஆராய்ந்துவிடும். நியூட்ரான் விண்மீன் இணைவின் இயல்புகளை ஏறத்தாழ ஒரு நொடியில் கணிக்கும் முறையொன்றை ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனங்களைச் சார்ந்த குழுவினர் 2025ஆம் ஆண்டு வெளியிட்டனர். இரைச்சல்களை வகைப்படுத்தும் 'கிராவிட்டி ஸ்பை' திட்டத்தில், பொதுமக்கள் படங்களைப் பார்த்து இடும் வகைப்பாடுகளே கணினிக்குப் பாடமாகின்றன.

எனினும், பயின்ற வலை தனக்குக் காட்டப்பட்டவற்றைக் கொண்டே முடிவு செய்யும். முன்னர் அறியப்படாத இரைச்சலை அது அலையெனக் கொள்ளவும், எதிர்பாராத வகை அலையை இரைச்சலெனத் தள்ளவும் கூடும். எனவே, அதன் விடை எவ்விடத்தில் பிழைபடும் என ஆராய்வார் தேவைப்படுகின்றனர். முனைவர் பட்டத்திற்குப் பிந்தைய ஆய்வாளரின் இன்றியமையாப் பணிகளுள் இதுவும் ஒன்று என்பது எம் கருத்தாகும்.

வாய்ப்புகளும் வரையறைகளும்

அமெரிக்க, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களேயன்றி, ஆஸ்திரேலியாவில் 2017ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஓஸ்கிராவ் உயராய்வு மையமும் ஜப்பானின் காக்ரா திட்டத்தோடு தொடர்புடைய நிறுவனங்களும் இத்துறையில் ஆய்வாளர்களுக்குக் களமாக உள்ளன. இந்தியாவில் புனே, பெங்களூரு, சென்னை ஆகிய நகரங்களில் இவ்வாய்வு நடைபெறுகிறது. மராட்டிய மாநிலத்து இங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா அமைப்பதற்கு 2023ஆம் ஆண்டு இந்திய அமைச்சரவை ஒப்புதல் வழங்கியது. ஐரோப்பிய விண்வெளி முகமை 2024இல் ஏற்றுக்கொண்ட லிசா விண்வெளித் திட்டத்தில் எண்ணற்ற அலைகள் ஒருங்கே கலந்து வரும் என்பதால், அவற்றைப் பிரித்தறியும் முறைகளுக்கு இப்பொழுதே ஆய்வு நடைபெறுகிறது.

இப்பணிகள் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கே உரியவை; நிலையான பணிக்கு இவை உறுதி அளிப்பதில்லை. ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்குப் பெயரவும் நேரும். இதனை மாணவரிடம் மறைத்தல் ஆகாது. மேலைநாட்டுப் பணிகள் பலவற்றிற்கு, ஆண்டின் இறுதி மாதங்களில் விண்ணப்பித்து அடுத்த ஆண்டில் பணியேற்பது வழக்கம். ஆய்வுத் திட்ட வரைவு, வெளியீட்டுப் பட்டியல், பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவை பொதுவாகக் கேட்கப்பெறும்.

முடிவுரை

கணினி நிரலாக்கம் மட்டும் அறிந்தவர் வேறு துறைகளிலும் பணி பெறலாம். இத்துறையிலோ புள்ளியியல், இயற்பியல், கருவியின் இயல்பு ஆகியவற்றோடு நிரலாக்கத்தையும் இணைத்துக் கற்றவரே சிறப்பர். லைகோ தரவுகள் குறிப்பிட்ட காலத்திற்குப்பின் எவரும் பயன்படுத்துமாறு பொதுவில் வைக்கப்படுகின்றன. ஆதலால், இளநிலை மாணவரும் அத்தரவைக் கொண்டு இன்றே பயிலத் தொடங்கலாம். கருவி தரும் விடையை ஏற்குமுன் அது எவ்வாறு பிறந்தது என வினவும் பழக்கத்தை மாணவரிடம் வளர்ப்பது ஆசிரியர் கையிலுள்ளது. அப்பழக்கமே இவ்வாய்வுக்கு முதற்படியாகும்.