நூடில்ஸ் கோப்பையில் உள்ள சத்து

"நூடில்ஸ் பிள்ளைக்கு நல்லதா?" என்று தாய்மார் அடிக்கடி கேட்கின்றனர். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் இதற்குப் பதில் கூற முடியாது. இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்கு அது ஏன் வசதியாயிற்று என்பதை நாம் அறிவோம். ஒரே அடுப்பு, ஈர விறகு, விடிந்ததும் கூலி வேலைக்குப் போகும் அவசரம். ஐந்து நிமிடத்தில் பிள்ளையின் பசி அடங்கிவிடுகிறது. இதற்காக எந்தத் தாயையும் குறைகூறுவது சரியன்று. ஆனால் பசி அடங்குவது வேறு, உடல் வளர்வது வேறு. சீனர் வீட்டில் சமைக்கும் நூடில்ஸையும் எமது கடைகளில் தொங்கும் பைக்கற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இவ்வேறுபாடு விளங்கும்.

நூடில்ஸ் சீனாவில் மிகப் பழைய உணவு. மஞ்சள் நதியின் மேற்பகுதியில் லாஜியா என்னும் இடத்தில், மண்ணுள் கவிழ்ந்து கிடந்த கிண்ணமொன்றில் சுமார் 4,000 ஆண்டுப் பழமையான நூடில்ஸ் கிடைத்ததாக 2005ஆம் ஆண்டு ஆய்வாளர் அறிவித்தனர். அது கோதுமையால் அன்றி, தினை போன்ற சிறுதானியத்தால் ஆனது என்றும் எழுதினர். எமது முன்னோர் சேனைகளில் விதைத்த அதே தினைதான். பிற்காலத்தில் வடக்கே கோதுமையும் தெற்கே நெல்லும் முக்கிய பயிர்களாகவே, கோதுமை மா நூடில்ஸும் அரிசி மா நூடில்ஸும் பெருகின.

சீனரின் 'சௌ மெய்ன்' என்னும் உணவில் நூடில்ஸை முதலில் அவித்து நீரை வடித்துவிடுவர். பின்னர் தாச்சியில் சிறிது எண்ணெய் விட்டு, கடும் நெருப்பில் கோவா, வெங்காயத்தாள், முளைவிட்ட பாசிப்பயறு ஆகியவற்றை விரைவாக வதக்கி, முட்டையோ இறைச்சியோ இறாலோ சோயாக் கட்டியோ சேர்த்து நூடில்ஸுடன் கலப்பர். மரக்கறி சில நிமிடங்களே சூடாவதால், அதிலுள்ள விற்றமின் 'சி' முழுவதும் அழிந்துபோவதில்லை. ஆகவே இந்த உணவில் நூடில்ஸ் எமது சோற்றின் இடத்தில்தான் நிற்கிறது. கறியின் வேலையைச் செய்வன மற்றவையே.

இனிக் கணக்கைப் பார்ப்போம். எண்ணெயில் பொரிக்காத உலர்ந்த கோதுமை நூடில்ஸ் 100 கிராமில் ஏறக்குறைய 350 கலோரி சக்தி, 70 கிராம் மாச்சத்து, 11 கிராம் அளவில் புரதம் உண்டு. புரதம் பரவாயில்லைப் போலத் தோன்றும். ஆனால் கோதுமைப் புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு. அது போதாவிட்டால் உண்ட புரதத்தை உடல் முழுமையாகப் பயன்படுத்த முடியாது. பயறு, சோயா, முட்டை, மீன் ஆகியவற்றில் லைசின் நிறைய உண்டு. சீனர் நூடில்ஸுடன் சோயாவையும் முளைப்பயற்றையும் சேர்த்ததும், நாம் சோற்றுடன் பருப்பைச் சேர்த்ததும் ஒரே குறையைத்தான் நிரப்புகின்றன.

பைக்கற் நூடில்ஸின் கதை வேறு. தாய்வானில் பிறந்து யப்பானில் வாழ்ந்த மொமொஃபுகு அண்டோ என்பவர் 1958இல் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். போருக்குப் பிந்திய உணவுப் பஞ்சத்தில், ஒரு கிண்ண நூடில்ஸுக்காக மக்கள் வரிசையில் நின்ற காட்சியே அவரைத் தூண்டியது. நூடில்ஸை ஆவியில் அவித்து எண்ணெயில் பொரித்தால், ஈரம் வெளியேறி நீண்டநாள் கெடாது. கொதிநீர் பட்டதும் இளகிவிடும். மெழுகு பூசியிருக்கிறார்கள் என்று சிலர் சொல்வது உண்மையன்று. பொரித்த எண்ணெய்தான் அந்த வழுவழுப்பு.

இவ்வாறு பொரித்த 75 கிராம் பைக்கற்றொன்றில் சுமார் 340 கலோரி சக்தியும், 12 கிராமுக்கு மேல் கொழுப்பும், ஏறக்குறைய 7 கிராம் புரதமும் இருக்கும். விற்றமின் 'சி' இல்லை என்றே சொல்லலாம். நார்ச்சத்தும் சொற்பம். உப்போ இரண்டு முதல் மூன்று கிராம் வரை, பெரும்பகுதி அந்தச் சிறு தூள் பைக்குள். வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைக்கு அதனிலும் குறைவு. பைக்கற்றை உடைத்து, தூளைத் தூவிப் பச்சையாகக் கொறிக்கும் பிள்ளை, ஒரு நாளுக்குரிய உப்பில் பெரும்பங்கை விளையாட்டாகவே உண்டு முடிக்கிறது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தூள் கலந்த நூடில்ஸ் வேண்டவே வேண்டாம்.

அஜினோமோட்டோ பற்றிய பயமும் பரவலாக உண்டு. யப்பானியரான கிகுனாயே இகெடா 1908இல் கடற்பாசியிலிருந்து பிரித்தறிந்த சுவைப்பொருள் அது. சீன உணவை உண்டபின் தமக்கு உடல் அசௌகரியம் ஏற்பட்டதாக 1968இல் ஒருவர் அமெரிக்க மருத்துவ இதழொன்றுக்கு எழுதிய கடிதத்தோடு பயம் தொடங்கியது. சாதாரண அளவில் அது தீங்கு செய்யும் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. என் எண்ணம் யாதெனில், அஜினோமோட்டோவுக்குப் பயப்படும் நாம் உப்புக்குப் பயப்படாமல் இருப்பதுதான் பிழை. குருதியழுத்தம் உள்ள முதியவர்கள் வீட்டில் இருந்தால் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சீனரின் சோயா சோசும் இவ்விடயத்தில் நல்லபிள்ளை அல்ல. ஒரு மேசைக்கரண்டியில் இரண்டு கிராமுக்கு மேல் உப்பு உண்டு.

அப்படியானால் என்ன செய்யலாம்? நால்வருள்ள குடும்பமொன்று பொரிக்காத நூடில்ஸ் 200 கிராம் வாங்குகிறது என்று வைப்போம். அதில் மொத்தம் 22 கிராம் புரதம். ஆளுக்கு ஐந்தரை கிராம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 16 முதல் 20 கிராம் வரை தேவை. இதனுடன் இரண்டு முட்டை சேர்த்தால் 12 கிராம் கூடும். முதல்நாள் ஊறவைத்து முளைகட்டிய பயறு, உலர் நிறையில் 50 கிராம் சேர்த்தால் இன்னுமொரு 12 கிராம். இப்போது ஆளுக்கு 11 கிராமுக்கு மேல். முட்டை கிடைக்காத நாளில் 25 கிராம் சோயா மீற் அதே வேலையைச் செய்யும். ஒரு பிடி நெத்தலிக் கருவாட்டைக் கழுவி உப்பைப் போக்கிச் சேர்த்தால் கல்சியமும் கிடைக்கும். முருங்கையிலையை அடுப்பை அணைக்கும் முன் போட்டுக் கிளறினால் போதும். விற்றமின் 'ஏ'யாக மாறும் சத்தும் இரும்புச்சத்தும் அதில் உண்டு. இறக்கியபின் தேசிக்காய் பிழிந்தால் இரும்பை உடல் நன்றாக உறிஞ்சும். உண்ட கையோடு தேத்தண்ணீர் குடித்தால் அது தடைப்படும். ஒரு மணித்தியாலமாவது பொறுங்கள். கர்ப்பிணித் தாய்மார் முக்கியமாக.

பைக்கற் நூடில்ஸ்தான் கையில் உள்ளதென்றால், அவித்த நீரை ஊற்றிவிட்டு, தூளில் பாதியை மட்டும் போடுங்கள். எண்ணெய் இன்னும் விடத் தேவையில்லை.

இன்னொன்று. சோறு, பாண் போலன்றி இழையாக இருப்பதால்தான் பிள்ளைக்கு நூடில்ஸில் ஆசை என்றால், எமது இடியப்பமும் இழைதான். சிவப்பரிசி மாவுடன் ஒரு பங்கு குரக்கன் மா கலந்து பிழியலாம். குரக்கன் 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. கோதுமை மாவில் அதில் பத்திலொரு பங்குகூட இல்லை. மிஞ்சிய இடியப்பத்தை உதிர்த்து, மேற்சொன்ன முட்டை, பயறு, கீரையுடன் தாச்சியில் கிளறினால் சௌ மெய்ன்தான். கோதுமை எமது மண்ணில் விளைவதில்லை. நெல்லும் குரக்கனும் பயறும் விளையும்.

காணி எம்முடையதல்ல, நாளை எங்கே எழும்புவோமோ என்ற நிலையில் மரம் நட மனம் வருவதில்லை. ஆயினும் காணிக்காரரிடம் ஒரு சொல் கேட்டு, முற்றிய முருங்கைக் கம்பொன்றைக் கழுவுநீர் ஓடும் பக்கமாக, நீர் தேங்காத இடத்தில் ஊன்றிப் பாருங்கள். சில மாதங்களில் இலை பறிக்கலாம். எழும்ப நேர்ந்தால் அதிலிருந்தே ஒரு கம்பை வெட்டி எடுத்துச் செல்லலாம்.